பளிங்குத் தரையில் அரை மணி நேரம்

என் அடையாள அட்டையின் உறைக்குள், அட்டைக்குப் பின்னால், இரண்டாக மடித்த ஒரு படம் இருக்கிறது. இத்தாலியில் ஏதோ ஒரு குன்றின் மேல் இருக்கும் சின்ன ஊர். சுற்றிலும் மதில், உள்ளே போக ஒரே வாசல், கூரைகளுக்கு மேலே ஒரு மணிக்கூண்டு. ஊரின் பெயர் படத்தில் இல்லை. அதைக் கொடுத்தவர் சொன்னார். எனக்கு அது வாயில் நுழையவில்லை. திருப்பிக் கேட்பது கௌரவக் குறைவு என்று விட்டுவிட்டேன்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு செட்டிநாட்டு வீட்டைச் சுற்றிக் காட்டுவது என் வேலை. வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். அந்த வீட்டுத் தரையை என் அம்மா பல வருடம் துடைத்திருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அதே தரையில் கழுத்தில் அட்டையோடு நின்று ஆங்கிலம் பேசுகிறவளும் நான்தான். பர்மாத் தேக்கு, பெல்ஜியம் கண்ணாடி என்று வரிசையாகச் சொல்லி, இத்தாலிப் பளிங்கு வரும்போது மட்டும் குரலை உயர்த்துவேன்.

படத்தைக் கொடுத்த இத்தாலிக்கார அம்மா ஒரு வைகாசி மத்தியானத்தில் தனியாக வந்தார். நரைத்த தலை, கையில் துணிப்பை. இது உங்கள் நாட்டுக் கல் என்று நான் பெருமையாகச் சொன்னதற்கு அவர் வியக்கவில்லை. செருப்பில்லாத பாதத்தை மெல்ல நகர்த்திப் பார்த்தார். எங்கள் ஊரில் இந்தக் கல் கோயிலுக்கும் கல்லறைக்கும்தான் என்றார். அடுத்த கூடத்துக்குள் காலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

உள்ளே வாட்ச்மேன் மாமா மல்லாந்து படுத்திருந்தார். கைகள் நெஞ்சின் மேல், முகத்தில் துண்டு. கோடையில் அந்தத் தரைதான் அவருக்கு ஏசி. சத்தம் கேட்டு வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தவர், அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னத்தா, என்னையப் பொணம்னு நெனச்சிருச்சா அந்தம்மா?" என்றார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

அந்த அம்மா படியில் உட்கார்ந்து பையிலிருந்து படங்களை எடுத்தார். தெரிந்த ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னார். சதுக்கத்தில் நாலு சிங்க வாய் வழியே தண்ணீர் கொட்டும் தொட்டி. கோயில் சுவரில் ஒரு தாயின் ஓவியம். ஈரம் ஏறிப் பாதி முகம் அழிந்துவிட்டது, குழந்தையைப் பிடித்த கை மட்டும் அப்படியே இருக்கிறது. அதே கோயிலில் பழைய பிரபு ஒருவரின் கல்லறை. மூடியின் மேல் அவரே பளிங்கில் படுத்திருக்கிறார், காலடியில் ஒரு நாய். பிள்ளைகள் தடவித் தடவி நாயின் தலை மட்டும் வழுவழுவென்று மின்னுகிறது.

அந்தக் கோயிலின் சாவி அவர் கணவரிடம்தான் இருந்ததாம். வருகிறவர்களுக்கு எல்லாம் சுற்றிக் காட்டுவார். கோடை மத்தியானத்தில் கதவைச் சாத்திவிட்டு, கல் பிரபுவுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் அவரும் படுத்துவிடுவார். வா, நீயும் படுத்துப் பார் என்பார். ஊர் சிரிக்கும் என்று இவர் திட்டுவார். ஒரு நாள்கூடப் படுத்ததில்லை. இப்போது அவர் இல்லை. இனிமேல் அந்த ஊரில் படுத்தால், கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள்.

பிறகு கேட்டார். இங்கே என்னை யாருக்கும் தெரியாது. அரை மணி நேரம் இந்தத் தரையில் படுத்துக்கொள்ளட்டுமா?

எனக்கு எல்லாம் புரிந்தது. ஆனாலும் அனுமதி இல்லை என்றேன். அப்படி ஒரு விதியை யாரும் எனக்குச் சொன்னதில்லை. துடைத்து முடித்த களைப்பில் அம்மா அந்தத் தரையில் சாய்ந்து கிடந்ததுதான் எனக்கு ஞாபகம் வந்தது. நான் காட்ட வந்தது அதை அல்ல. ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டேன். அவர் நன்றி சொல்லி, மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் அதில் உட்கார்ந்தார். போகும்போது ஊர்ப் படத்தை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

அவர் வந்த கார் தெருமுனையில் திரும்பியதும் மாமா கேட்டார்: "நான் கெடந்த எடந்தானத்தா. அந்தம்மா செத்த நேரம் கெடந்துட்டுப் போனா என்ன கொறஞ்சிரும்?"

"சும்மா இருங்க மாமா. வீட்டுக்கார ஆச்சி கேட்டா நீங்களா பதில் சொல்லுவீக?"

தை மாதம் முன்னோர்களுக்குச் செய்யும் படைப்புக்காக வீட்டுக்கார ஆச்சி வந்திருந்தபோது தயங்கித் தயங்கி இதைச் சொன்னேன். ஆச்சி அதே கூடத்தில் கையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். "படுத்தாக் கல்லு தேஞ்சா போகும்? நாங்கல்லாம் வேற எங்குட்டுப் படுத்தோம்? பாவம், அந்தப் பொம்பளைய விட்டிருக்கலாம்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த இத்தாலிக்கார அம்மாவின் பெயரோ விலாசமோ கிடைக்குமா என்று வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். அவர் எழுதியிருந்தது ஒரு வளைந்த கையெழுத்து மட்டும். எந்த எழுத்தும் பிடிபடவில்லை.

இப்போது சுற்றிக் காட்டும்போது கடைசியாக ஒன்று சேர்த்துக்கொள்கிறேன்: விருப்பமிருந்தால் இங்கே கொஞ்ச நேரம் படுத்துப் பார்க்கலாம். எல்லாரும் சிரிப்பார்கள். சிலர் படமெடுப்பார்கள். யாரும் படுப்பதில்லை. அவர்கள் போன பிறகு, மாமா சாப்பிடப் போகும் நேரத்தில், நான் படுக்கிறேன். முதுகில் சுருக்கென்று குளிர் ஏறுகிறது. அட்டையைத் திருப்பி, மதில் சூழ்ந்த அந்த ஊர் மேலே தெரியும்படி நெஞ்சில் வைத்துக்கொள்கிறேன். பக்கத்தில் ஒரு ஆள் படுக்கும் இடம் விட்டுத்தான் படுப்பது. அரை மணி நேரம். அவர் கேட்டது அவ்வளவுதான்.