பதினேழாம் எண்ணில் இரண்டு பேர்

போன வருடம் ஆடி மாதம் திண்டுக்கல்லில் நடந்தது இது. எதையும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும். அதனால் முதலில் நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

1. வருமானம் குறைந்த வீட்டுப் பெண்களுக்கு ஒரு தொண்டு நிறுவனம் மூன்று மாத இலவச வேலைப் பயிற்சி தொடங்கியது. டைப் அடிப்பது, போனில் பேசுவது, இன்டர்வியூவில் பதில் சொல்வது எல்லாம் அதில் உண்டு. இந்தப் பயிற்சியால் நிஜமாகவே வேலை கிடைக்கிறதா என்று அளந்து சொல்வது என் பொறுப்பு. நான் இன்ஜினியரிங் படித்தவள்.

2. இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகம். எல்லோர் முன்னிலையிலும் குலுக்கல் போட்டேன். பெயர் வந்தவர்களுக்கு உடனே பயிற்சி, வராதவர்களுக்கு அடுத்த வருடம். அதுவரை இரண்டு தரப்பையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

3. வடமதுரைப் பக்கம் ஒரே வீட்டின் இரண்டு மருமகள்கள் விண்ணப்பித்திருந்தார்கள். இளையவர் பெயர் வந்தது. அவருக்குப் பதினேழாம் எண். மூத்தவர் பெயர் வரவில்லை.

4. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், பதினேழாம் எண்ணின் டைப்பிங் வேகம் ஒரு நாள் நிமிடத்துக்கு இருபத்திரண்டு சொல், மறுநாள் ஒன்பது, அதற்கு மறுநாள் மறுபடியும் இருபத்திரண்டு.

5. கீபோர்டில் கோளாறு என்று நினைத்து வேறு மாற்றினேன். வேகம் அப்படியேதான் ஏறி இறங்கியது.

கடைசியில் இரண்டு நாள் தொடர்ந்து வகுப்பில் போய் உட்கார்ந்தேன். முதல் நாள் அந்த நாற்காலியில் ஒரு பெண். மறுநாள் அதே நாற்காலியில், அதே எண் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேறொரு பெண்.

"நேத்து வந்தது யாரு?" என்று கேட்டேன்.

"எங்க அக்கா மேடம். எங்க வீட்டுக்காரரோட அண்ணன் சம்சாரம். இன்னைக்கு நான் வந்துட்டேன்" என்றார் இளையவர். கேட்கவே தேவையில்லாத ஒன்றைக் கேட்டுவிட்டதுபோல என்னைப் பார்த்தார்.

அங்கே நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "இதுக்குப் பேரு ஆள்மாறாட்டம், தெரியுமா?" என்று வகுப்பு முழுவதும் கேட்கும்படி சொன்னேன். பின்வரிசையில் யாரோ, "ஆத்தாடி, போலீசு வந்துரும் போல" என்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. இளையவர் எண் அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பயிற்சி கொடுக்கும் மிஸ் அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவருக்கு முதல் வாரமே தெரியுமாம். "நாற்காலி ஒருநாளும் காலியா இல்லையேம்மா. அதுக்கு மேல நான் எதுக்குக் கேக்கணும்?" என்றார்.

அடுத்த இரண்டு நாள் அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. ஒரு தனியார் மருத்துவமனை, பயிற்சி முடியும்வரை காத்திருக்காமல், வரவேற்புப் பிரிவு வேலைக்கு அடுத்த வாரம் இன்டர்வியூ வைத்திருந்தது. யாரை அனுப்புவது என்று என் வருகைப் பட்டியலைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். பதினேழாம் எண்ணை அடித்துவிட்டால் அந்த வீட்டுக்கு இன்டர்வியூ கிடையாது. மூன்றாம் நாள் வடமதுரை பஸ் ஏறினேன்.

வீட்டு வாசலில் இரண்டு பேருமே இருந்தார்கள். மூத்தவர்தான் முதலில் பேசினார்.

"வாங்க மேடம். ஆள்மாறாட்டம்னு சொன்னீகளாம்ல. கேஸ் போடுவாகளோன்னு இவளுக்கு ரெண்டு நாளாச் சோறு எறங்கல."

"கேஸெல்லாம் இல்லக்கா" என்றேன். "ஆனா யாருக்கும் தெரியாம இப்படி..."

"தெரியாமயா? மிஸ்ஸுக்குத் தெரியும், கண்டக்டருக்குத் தெரியும், பக்கத்துச் சீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். உங்களுக்கு மட்டுந்தான் தெரியல."

வாசலிலேயே உட்கார்ந்தேன். பிறகு அவர் நிதானமாக விளக்கினார். ஆண்கள் இரண்டு பேரும் மில்லுக்குப் போகிறார்கள். விடியும்போது தோட்டத்தில் மல்லிகை எடுக்க இறங்கினால் பத்து மணியாகிவிடும், வகுப்பு அதற்கு முன்பே தொடங்கிவிடும். அதனால் தினமும் ஒருத்தி வீட்டில் இருந்தே ஆக வேண்டும்.

"நூறு நாள் வேலைக்கு வீட்டுக்கு ஒரு அட்டைதான மேடம்? யாரு ஒழிவா இருக்காகளோ அவுக போவோம். இதுவும் நம்ம வீட்டுக்கு விழுந்த சீட்டுன்னுதான் நெனச்சோம்."

இளையவர் உள்ளே போய் ஒரு காலண்டர் அட்டையை எடுத்துவந்தார். பின்பக்கத்தில் கீபோர்டு எழுத்துகளை வரிசை மாறாமல் எழுதியிருந்தார்கள். பகலில் படித்துவந்தவர் சாயங்காலம் மற்றவருக்கு அதில் சொல்லித்தருவாராம். இருபத்திரண்டு சொல் மூத்தவருடையது. "டைப்புல அக்கா புலி. எனக்கு வெரலு ஓடாது. ஆனா பேசச் சொல்லுங்க, பேசுவேன்" என்றார் இளையவர்.

"ஆமா, பஸ்ல ஏறுனா எறங்குற வரைக்கும் மூடமாட்டா" என்றார் மூத்தவர். எங்கள் மூவருக்கும் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நோட்டை எடுத்து எழுதினேன். பதினேழாம் வரியை எடுத்துவிட்டால் அறிக்கை சுத்தமாகிவிடும், இவர்களுக்கு இன்டர்வியூ போய்விடும். அப்படியே விட்டால், மூத்தவரைப் பயிற்சி பெறாதவர் என்று காட்டி நான் பொய் சொன்னதாகும். நடந்ததை எழுதினால் முதல் தவறு என்னுடையது என்று தெரிந்துவிடும். ஒரு வீட்டில் வேலைகளை எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்று என் படிவத்தில் ஒரு கேள்விகூட இல்லை. வீட்டுக்கு ஒரு சீட்டு போட வேண்டிய இடத்தில் ஆளுக்கு ஒரு சீட்டு போட்டது நான்தான்.

என் மேலதிகாரி போனில், "அந்த வரியத் தூக்கிரும்மா, முடிஞ்சது" என்றார். நான் நடந்ததை எழுதி அனுப்பினேன். அவருக்குக் கோபம். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் தொண்டு நிறுவனம் ஒரு வழி சொன்னது: இருவருக்கும் தனித்தனியாகத் தேர்வு வைக்கலாம், தேறினால் இருவரையும் இன்டர்வியூவுக்கு அனுப்பலாம். மறுபடியும் வகுப்புக்கு வந்த இளையவரிடம், எல்லோர் முன்னிலையிலும், மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க மேடம்" என்று எண் அட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

இருவரும் தேறினார்கள். மருத்துவமனையில் இருந்தது ஒரே இடம். டைப்பிங் வேகத்தைப் பார்த்து மூத்தவரை எடுத்துக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் இளையவர் அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதுதான் என்னிடம் சொன்னார்: "அப்ப இனிமே தெனமும் பூவுக்கு நாந்தான் மேடம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

மூத்தவர் இன்றும் அந்த வேலையில் இருக்கிறார். இளையவர் பதினோரு மணிக்கு மேல் தொடங்கும் வேலை ஏதாவது இருக்கிறதா என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டு இடங்களில் சொல்லிவைத்திருக்கிறேன், இன்னும் அமையவில்லை. அறிக்கையில் அவர்கள் வீட்டிலிருந்து ஒருவருக்கு வேலை கிடைத்தது என்று எழுதினேன். அதனால் இன்னொருவருக்கு வெளியே போக வழியில்லாமல் போனது என்பதையும் அதன் கீழேயே எழுதினேன். ஒரு திட்டம் பலன் தந்ததா என்று யாராவது கேட்டால், இப்போதெல்லாம் நான் சட்டென்று பதில் சொல்வதில்லை.