ஷமிர்கான் வீட்டு நாய்ச்சட்டை

பால் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, ஷமிர்கான் முதலில் பக்கத்தில் நிற்கும் செம்மறியின் கம்பளிக்குள் இரண்டு கைகளையும் நுழைக்கிறார். பிசுபிசுப்பு ஏறும்வரை தேய்த்துக்கொள்கிறார். அதன்பிறகுதான் கிண்ணத்தை நாய்க்குட்டியின் பக்கம் தள்ளுவார். தள்ளுவதோடு சரி. தடவ மாட்டார், கொஞ்ச மாட்டார், பெயர் சொல்லிக் கூப்பிடவும் மாட்டார். பெயரே வைக்கவில்லை.

"மனுச வாடை பட்டுச்சுன்னா மனுசன் பின்னாலயே சுத்தும். பட்டி நாய்க்கு ஆடுதான் அம்மா, ஆடுதான் அண்ணன் தம்பி."

இப்படி நான்கு நாய்களை வளர்த்தவர். கடைசி நாய் ஜனவரியில் செத்துப்போனது. ஒரு மாதத்துக்குள் ஓநாய்கள் ஒன்பது ஆடுகளைத் தூக்கிவிட்டன. பாதிக்குமேல் ஊரார் நம்பி விட்டவை. யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் இன்னும் அறுக்கிறது. அதனால்தான் ஏழு வாரக் குட்டி ஒன்றைப் பக்கத்துப் பள்ளத்தாக்கு நண்பனிடமிருந்து, கம்பளி திணித்த சாக்கில் வைத்துக் குதிரையில் கொண்டுவந்தார். இந்த வயதில் ஆட்டோடு ஒட்டினால்தான் உண்டு. விட்டால் பிறகு ஒட்டவே ஒட்டாது.

ஐம்பத்தெட்டு வயது. சேணத்திலேயே வளைந்துபோன கால்கள். ஒரு விஷயம் புரியவில்லை என்றால் கம்பளித் தொப்பியைக் கழற்றி அதன் உள்ளே பார்ப்பார். "என்ன கிழவரே, பதில் உள்ள இருக்கா?" என்பாள் மனைவி பூருல். இந்த வசந்தத்தில் தொப்பி தலையில் இருந்த நேரத்தைவிடக் கையில் இருந்த நேரம்தான் அதிகம். வினையை இழுத்து வைத்துக்கொண்டவரும் அவரேதான்.

குட்டி வந்த நான்காம் நாள் பேத்திக்கு நாற்பதாம் நாள். நாற்பது கரண்டித் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி, பிறந்ததிலிருந்து போட்டிருந்த முதல் சட்டையைக் கழற்றினார்கள். பூருல் தன் பழைய கவுனை வெட்டி, விளிம்பு மடிக்காமல் தைத்த சட்டை. அதற்குப் பெயரே நாய்ச்சட்டை. அதில் மிட்டாயை முடிந்து நாயின் கழுத்தில் கட்டிவிட வேண்டும், பிள்ளைகள் துரத்திப் பிடிக்க வேண்டும். வீட்டில் இருந்த ஒரே நாய் இந்தக் குட்டிதான். பேத்தி பிறந்த குஷியில் ஷமிர்கானே அதைப் பிடித்து முடிச்சுப் போட்டார். பிள்ளைகள் மிட்டாயைப் பிடுங்கிக்கொண்டு சட்டையை விட்டுவிட்டுப் போனார்கள். குட்டி அதைப் பட்டி மூலைக்கு இழுத்துப்போய் முகத்தைப் புதைத்துத் தூங்கியபோதுதான் அவருக்குச் சுருக்கென்றது. நான்கு நாளாகக் கம்பளியில் கை தேய்த்த மனிதர், நாற்பது நாள் மனுச வாடையை மொத்தமாக அதன் கழுத்தில் கட்டியிருக்கிறார்.

அன்றிலிருந்து குட்டி பட்டியில் தங்குவதில்லை. குழந்தை இருக்கும் அறையின் ஜன்னலுக்குக் கீழேதான் படுக்கை. குழந்தை அழுதால் அதுவும் அழும். சட்டையைப் பிடுங்கி உத்திரத்தில் மாட்டிப் பார்த்தார். இரண்டு நாள் பாலைத் தொடவில்லை. திருப்பிக் கொடுத்தார். வேலியில் நுழைந்து, சட்டையையும் கவ்விக்கொண்டு ஜன்னலுக்கே போய்விட்டது. "அப்ப நீ யாருக்குத்தான்டா அண்ணன்?" என்று கேட்க வாய்வரை வந்தது. குட்டியோடு பேசக்கூடாது என்பது அவரே போட்ட சட்டமாயிற்றே, அதனால் வேலியைப் பார்த்துக் கேட்டுவைத்தார்.

போன வியாழக்கிழமை தொட்டிலை வெயிலில் வைத்துவிட்டு மருமகள் சொனுன் உள்ளே போனாள். பக்கத்து வீட்டு வான்கோழி இறக்கையை விரித்துக்கொண்டு தொட்டிலை நெருங்கியது. குட்டி குறுக்கே போய் நின்றது. கால் நடுங்கியது, நின்ற இடத்திலேயே மூத்திரம் போனது, ஆனால் நகரவில்லை. வான்கோழி திரும்பும்வரை குரைத்துத் தீர்த்தது. குதிரைமேல் இருந்து இதைப் பார்த்த ஷமிர்கான் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"இது நல்ல நாயா, கெட்ட நாயா? ஒண்ணு சொல்லுங்க" என்றாள் பூருல்.

"நல்ல நாய்தான். வேலைதான் மாறிப்போச்சு."

இன்னும் ஆறு நாளில் மந்தை மலைமேல் ஏற வேண்டும். சொனுனும் குழந்தையும் ஊரிலேயே இருப்பார்கள். நேற்றுக் காலை டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தவர், மெதுவாக ஆரம்பித்தார்.

"சொனுன், அந்தச் சட்டை பாப்பாவோட அதிர்ஷ்டம்னு சொல்றீங்க."

"ஆமா மாமா."

"நாய்தான் போட்டுக்கணும்."

"ஆமா."

"ஆடு போட்டா?"

அடுப்படியிலிருந்து பூருல், "நாப்பது வருசம் ஆட்டோட கிடந்தா இப்படித்தான் ஆகும்" என்றாள்.

சொனுன் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு யோசித்தாள். "கூடாதுன்னு யாரும் சொல்லலையே மாமா. நல்ல சாதுவான ஆடாப் பாத்துப் போடுங்க."

ஈன்ற குட்டியை இழந்த கிழட்டு ஆடு ஒன்று பட்டியில் இருக்கிறது. ஷமிர்கான் அதன் முன்னால் மண்டியிட்டு, சட்டையின் சின்னக் கைகள் இரண்டையும் ஆட்டின் கழுத்தைச் சுற்றி இழுத்து முடிந்து, பேத்திக்குச் செய்வதுபோல நீவிவிட்டார். பிறகு வேலியோரம் தள்ளி நின்றார். குட்டி வந்தது. சட்டையை மோந்தது, கம்பளியை மோந்தது, மறுபடி சட்டையை மோந்தது. ஆடு ஒருதரம் காலை உதைத்துவிட்டு அசைபோட ஆரம்பித்தது. குட்டி சுற்றிச்சுற்றி வந்து, கடைசியில் அதன் வயிற்றில் முதுகைச் சாய்த்துப் படுத்துக்கொண்டது.

ஷமிர்கான் கிட்டே வந்து குனிந்தார். கை தானாகக் குட்டியின் தலைக்குப் போனது. ஒரு விரல் தூரத்தில் நின்று, திரும்பி, ஆட்டின் கம்பளிக்குள் நுழைந்துகொண்டது.