வரைபடத்தில் பச்சை

என் வீட்டுச் சமையலறை ஜன்னலில் கைபேசிக்கென்று ஓர் ஆணி இருக்கிறது. அதில் தொங்கவிட்டால் ஒரு கோடு சிக்னல் வரும். கையில் எடுத்தால் போய்விடும். ஆகவே யார் அழைத்தாலும் ஜன்னலுக்கு முன்னால் நின்று, சாமி கும்பிடுகிறவளைப் போல முகத்தைத் தூக்கிப் பேசுகிறேன். யாழ்ப்பாணத்தில் கிணற்றடியில் நின்றும் கதைக்கிற உங்களுக்கு இது விளங்காது. மலையகத்தில், வட்டகொடைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு ஆசிரியையாக மாற்றம் கிடைத்தபோது, புதுப் போனும் இணைப்புமாக இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். இடத்தைப் பார்க்காமல் கழுத்தை நீட்டுவது நம் பெண்களுக்குப் புதிதா என்ன?

நிறுவனத்திடம் முறையிடுவதற்கு, சிக்னல் கொஞ்சம் கூடுதலாக வரும் மலையுச்சித் தண்ணீர்த் தொட்டிவரை ஏறினேன். மறுமுனையில் ஒரு பெண் மிகவும் அன்பாகப் பேசினாள். "உங்க ஏரியா எங்க கவரேஜ் மேப்ல பச்சையாத்தான் இருக்கு, மேடம்." உண்மைதான். கண்ணுக்கெட்டிய தூரம்வரை தேயிலை. பச்சையாக இல்லாமல் எப்படி இருக்கும்? ஒப்பந்தத்தை முறிக்கலாமா என்று கேட்டேன். தாராளமாக முறிக்கலாமாம். ஆனால் அதற்கான இரகசிய எண்ணைக் குறுஞ்செய்தியில் அனுப்புவார்களாம். சில நிமிடங்களுக்குள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டுமாம். தொட்டியடியில் காத்திருந்தும் வராத அந்தக் குறுஞ்செய்தி மூன்றாம் நாள் ஆணிக்கு வந்து சேர்ந்தது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் செல்வி வந்தாள். பக்கத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருப்பவள். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். அவளுக்குப் பின்னால் நாலைந்து பெண்கள் தலைகுனிந்து நின்றார்கள்.

"டீச்சர், மனசத் தேத்திக்கங்க. உங்க அம்மா போயிட்டாங்களாம். உங்க தம்பி கடை நானாவுக்குப் போன் போட்டுச் சொன்னாராம்."

வட்டகொடையில் கடை வைத்திருக்கும் நானாவின் எண்ணை அவசரத்துக்கென்று தம்பிக்குக் கொடுத்திருந்தது நான்தான். தொட்டிக்கு ஓடினேன். செல்வி என் கையை விடாமல் கூடவே ஏறினாள். தம்பி எடுத்தான். "அக்கா, அம்மா காலம..." என்றான். அத்தோடு வெட்டுப்பட்டது. அதன் பிறகு பிடிக்கவேயில்லை. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அம்மாவைப் பார்த்தேயிராத செல்வியும் அழுதாள்.

இரவு பஸ்ஸைப் பிடிக்கலாம் என்றார்கள். யாரோ என் உடுப்புகளை மடித்துப் பையில் வைத்தார்கள். யாரோ சோறு சமைத்தார்கள். லயத்து ஆண்கள் வாசலில் வாங்கு போட்டு உட்கார்ந்து, தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். இருட்டுகிற நேரம் ஆட்டோ வந்தது. எனக்குத்தான் என்று பையைத் தூக்கினேன். அதிலிருந்து அம்மா இறங்கினாள்.

கூட்டத்தைப் பார்த்தாள். என் வீங்கிய முகத்தைப் பார்த்தாள்.

"ஆர் செத்தது, பிள்ளை?"

செல்விதான் சமாளித்தாள். "யாருமில்லீங்கம்மா. நீங்க உக்காந்து சாப்புடுங்க."

பிறகுதான் விளங்கியது. 'அம்மா காலமை வெளிக்கிட்டுட்டா' என்று தம்பி சொல்லியிருக்கிறான். காலையில் புறப்பட்டுவிட்டாள் என்பதற்கு எங்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சு அது. 'வெளிக்கிட்டுட்டா' நானா கடையிலிருந்து மலையேறி வருவதற்குள் 'போயிட்டாங்க' ஆகிவிட்டது. 'காலமை'யின் கடைசி ஓசையை நான் மாதாமாதம் காசு கட்டுகிற நிறுவனம் வைத்துக்கொள்ள, அதைக் 'காலமாகிவிட்டா' என்று நானே முடித்துக்கொண்டேன்.

"நீ போன் எடுக்கேல்லை. உனக்குத்தான் ஏதோ நடந்திட்டுதெண்டு வந்தனான்" என்றாள் அம்மா. அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். தனக்காகச் சமைத்த செத்தவீட்டுச் சோற்றை அவள் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.

ஒரு கிழமை இருந்துவிட்டுப் புறப்பட்டாள். வழியனுப்ப வட்டகொடை ஸ்டேஷனுக்குச் செல்வியும் வந்தாள். ரயில் நகர்ந்தபோது அம்மா ஜன்னலால் என் விரல்களைப் பிடித்தாள். "கெதியா வீட்டை வந்திடு பிள்ளை."

அதே நேரம் செல்வி என் தோளைத் தொட்டாள். "மழை வருது டீச்சர். வாங்க, வீட்டுக்குப் போவோம்."

சரி என்றேன். இரண்டு பேரும் தமக்குத்தான் சொன்னேன் என்று நினைத்துத் தலையாட்டினார்கள்.