பொட்டு வைத்த எட்டு பாட்டில்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷமாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். செவ்வாய் கிரக ஆராய்ச்சியில் தன் பங்கைப் பற்றி செங்கல்பட்டு ஷேர் ஆட்டோக்காரன் ஒருவன் எழுதினால் யார் நம்புவார்கள்? ஆனால் என் பங்கு இருக்கிறது. எட்டு பாட்டில் அளவுக்கு இருக்கிறது.

மகள் அப்போது எம்.எஸ்சி. கடைசி வருஷம். கோவளம் பக்கத்து உப்பளத்தில், உப்பெல்லாம் படிந்தபின் ரோஸ் நிறத்தில் கெட்டித் தண்ணீர் கொஞ்சம் மிச்சம் நிற்கும். அதை எட்டு பாட்டிலில் பிடித்து வந்தாள். காலேஜ் பூஜை லீவு முடியும்வரை எங்கள் ஃப்ரிட்ஜில், மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இடம்.

“இன்னாடி இது, ரோஸ் மில்க்கா?” என்றாள் என் மனைவி.

“உயிரும்மா. கண்ணுக்குத் தெரியாது. இவ்ளோ உப்புல வேற எதுவும் பொழைக்காது, இது பொழைக்கும். செவ்வாய்லயும் ஒரு காலத்துல ஏரி இருந்து வத்திப்போச்சு, உப்பு மட்டும் நின்னுபோச்சு. அதுக்குள்ள இதுமாதிரி எதனா ஒளிஞ்சிருக்குமான்னு தேடறாங்க. இங்க இருக்கறது எப்படி ஒளியுதுன்னு தெரிஞ்சாத்தானே அங்க தேட முடியும்?”

நானும் தலையாட்டினேன். சவாரி ஏறுகிறவர்கள் பேசும் அரசியலுக்கும் இப்படித்தான் ஆட்டுவேன்.

ஆயுத பூஜை வந்தது. மகள் சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். காலையிலேயே ஆட்டோ, ஜாக்கி, ஸ்பேனர், மனைவியின் அரிவாள்மனை எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்தேன். படிக்கிற பிள்ளையின் ஆயுதத்தை விடலாமா? ஃப்ரிட்ஜைத் திறந்தேன். தண்ணீர் கலங்கலாக, ஒரு வாடையோடு இருந்தது. கெட்டுப்போனதைச் சரஸ்வதி தாயார் முன்னால் வைப்பதா? உப்பளம் எங்கே ஓடிவிடப் போகிறது, புதுசாகப் பிடித்துக்கொள்வாள் என்று எட்டையும் கொல்லையில் கொட்டினேன். சோப்பு போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக அடுக்கினேன். வேற்றுக் கிரகத்துக்குப் போகிற கருவியில் நம்மூர்க் கிருமி ஒட்டிக்கொண்டு போகக் கூடாதென்று விஞ்ஞானிகள் தலைமுதல் கால்வரை மூடிக்கொண்டு வேலை செய்வார்களாம். என் சுத்தத்தை அவர்கள் பார்த்ததில்லை.

கற்பூரம் காட்டி, சுண்டலும் தின்று முடித்தபின் மகள் வந்தாள். பூஜை இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நைனா, உள்ள இருந்தது எங்க?”

“கெட்டுப்போச்சும்மா. கொட்டிட்டேன்.”

அழவில்லை, கத்தவில்லை. போனை எடுத்துப் பார்த்தாள். “நைட்டு மழைன்னு போட்டுகீது. மழை எறங்கிட்டா உப்பளம் கரைஞ்சிடும். அப்புறம் தை மாசம்தான். ப்ராஜெக்ட் நின்னுடும், எனக்கு ஒரு வருஷம் போச்சு.”

வாழைக்கன்று கட்டின ஆட்டோ வாசலில் நின்றது. பூஜை போட்ட வண்டியை மறுநாள் விஜயதசமிவரை நான் தொட்டதே இல்லை. ஒருமுறை மச்சானுக்கு ஜுரம் என்றபோதுகூட பஸ்ஸில் போகச் சொன்னவன்.

மனைவிதான் சாவியைக் கொண்டுவந்து கையில் வைத்தாள். “கொட்னது நீ. சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். வண்டிய எடு.”

வாழைக்கன்றை அவிழ்க்கக்கூட நேரமில்லை. திருப்போரூர் தாண்டும்போதே கடல் பக்கம் இருட்டிக்கொண்டு நின்றது. உப்பளத்தில் ஓலை போட்டு உப்புக் குவியலை மூடிக்கொண்டிருந்த ஒரு அம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நல்ல உப்ப மூடவே ஆளில்ல. இவுங்க கழிவுத் தண்ணிக்கு வாழமரம் கட்டிக்கினு வந்துகீறாங்க.” சொல்லிவிட்டு, “அந்தக் கோடிப் பாத்தில கொஞ்சம் கீது, போய் மொண்டுக்கோ” என்று கையும் காட்டினாள்.

மகள் பையிலிருந்து பிரிக்காத பாட்டில் எட்டை எடுத்தாள். என்னைப் பற்றி முன்பே தெரியும் போல. “நைனா, நீ இங்கியே நில்லு. எதையும் தொடாத.”

வரப்பில் கைகூப்பி நின்றேன். அந்த வேலை ஒன்றுதான் எனக்கு ஒழுங்காக வரும். எட்டாவது பாட்டிலை அவள் மூடும்போது என் நெற்றியில் முதல் சொட்டு விழுந்தது.

படிப்பை முடித்துவிட்டாள். முதல் மாதிரிகள் தவிர்க்க முடியாத காரணத்தால் வீணாயின என்று ஆராய்ச்சிப் புத்தகத்தில் இங்கிலீஷில் எழுதியதைப் படித்துக் காட்டினாள். அந்தக் காரணம் எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது.

அவள் மறைத்தாள் என்றால் மச்சான் ஊதிப் பெரிசாக்கிவிட்டான். ஒரு கல்யாணத்தில், “மாமா குங்குமம் வச்சாரு, செவ்வாய்ப் பூச்சிக்கு உசுரு வந்துச்சு” என்றான். அடுத்த காதுகுத்தில் அவன் சொன்ன கதையில் பாட்டிலுக்குள் அம்மனே தெரிந்தாள். இப்போது பரீட்சை எழுதப்போகிற பிள்ளைகளின் பேனாவைக் கொண்டுவந்து என்னிடம் பொட்டு வைக்கச் சொல்கிறார்கள். சரஸ்வதி தாயாருக்கு எங்கள் வீட்டுப் புளுகு எதற்கு?

படிக்கிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். யாரிடமாவது சொன்னால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். கொட்டினது நான், திரும்ப மொண்டது அவள், குங்குமத்தில் எதுவும் முளைக்கவில்லை. பூஜை நாளில் வண்டி எடுத்ததையும் விட்டுவிடாதீர்கள். அதற்காக என் மனைவி இன்னும் சாமியிடம் பேசிக்கொண்டுதான் இருக்கிறாள்.