ஆயுதங்களை மேலே ஒப்படைக்கவும்

குன்னூரில் ஜானகியின் இடத்துக்கு வெளியே ஒரு தகரப் பலகை தொங்குகிறது. முதல் வரி, கார் நிறுத்துமிடம். இரண்டாவது வரி, பன்னிரண்டு வண்டிகளுக்கு மட்டும். மூன்றாவது வரியைச் சுற்றுலா வருகிறவர்கள் இரண்டு தடவை படிப்பார்கள்: ஆயுதங்களை மேலே ஒப்படைக்கவும்.

சிலர் அந்தப் பலகையோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பலர் சிரிப்பார்கள். சிரித்து முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு ஜானகி கார் கண்ணாடிப் பக்கம் குனிந்து கேட்பாள்.

"சீட்டுக்கு அடியில என்னங்க வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்லீங்களே."

"அந்த ஒண்ணுமில்லாததை எடுத்துக் குடுங்க, டோக்கன் தர்றேன்."

ஏதாவது ஒன்று வெளியே வரும். கிரிக்கெட் மட்டை, ஹாக்கி மட்டை, ஜாக்கி கம்பி, இளநீர் வெட்டுகிற அரிவாள். ஈரோட்டு மஞ்சள் வியாபாரி ஒருவரின் வண்டியிலிருந்து ஒரு தடவை உலக்கை வந்தது. எல்லோரும் சொல்வது ஒன்றுதான். "ஒரு சேப்டிக்குத்தானுங்க." ஜானகி சொல்வதும் ஒன்றுதான். "நானும் சேப்டிக்குத்தானுங்க வாங்கி வெக்கறேன்." மே மாதக் குன்னூரில் கார் நிறுத்த இடம் கிடைப்பதென்றால் மனிதர்கள் எதையும் ஒப்படைத்துவிடுவார்கள்.

எப்படிக் கண்டுபிடிக்கிறாள் என்று கேட்கிறவர்களுக்கு அவள் பதில் சொன்னதில்லை. முப்பத்துநான்கு வருடம் வெடிமருந்து பேக்டரியின் வாசலில் வேலைக்கு வரும் பெண்களைச் சோதித்து உள்ளே அனுப்பியவள் அவள். தீப்பெட்டி, லைட்டர், செல்போன் எல்லாவற்றையும் வாசலிலேயே வாங்கி வைத்து, ஷிப்டு முடிந்து வெளியே போகும்போதுதான் திருப்பித் தருவார்கள். சேலைத் தலைப்பில் தீப்பெட்டியை மறந்து முடிந்துவந்தவளின் கையையும், தெரிந்தே முடிந்துவந்தவளின் கையையும் ஜானகியால் பத்தடி தூரத்திலேயே பிரித்துச் சொல்ல முடியும். உள்ளே இருப்பது எல்லாம் மருந்து. ஒரு குச்சி போதும். அந்தப் பழக்கத்தை அப்படியே கொண்டுவந்து, ஓய்வுபெற்ற பிறகு வீட்டுக்குக் கீழே இருந்த சரிவில் வைத்துவிட்டாள்.

"ஊர்ல அவனவன் பொண்டாட்டி கோழி வளக்கறா. என்ற பொண்டாட்டி ஆயுதக் கிடங்கு வெச்சிருக்கறா" என்பார் அவள் கணவர் நல்லசிவம். பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்தவர். கிண்டல் செய்துகொண்டே டோக்கன் நோட்டில் அழகாகக் கோடு போட்டுக் கொடுத்ததும் அவர்தான்.

பொருட்கள் இருக்கிற அலமாரி கீழே இல்லை. இருபத்திரண்டு கல்படி ஏறி, வீட்டு வாசலுக்குப் போக வேண்டும். அதற்கும் ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தின் பெயர் ஆறுக்குட்டி.

ஆறுக்குட்டி அவளுடைய தம்பி. டாக்ஸி ஓட்டினான். சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். அவன் வண்டியில் ஊட்டி பார்த்தவர்கள் ஊட்டியை மறந்துவிட்டு அவனை ஞாபகம் வைத்திருப்பார்கள். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் ஸ்டாண்டில் அடுத்த சவாரி யாருடையது என்று அவனுக்கும் டெனின் என்கிற இன்னொரு டிரைவருக்கும் வாக்குவாதம். டெனின்தான் முதலில் கன்னத்தில் அடித்தான். அடித்துவிட்டுத் தன் வண்டிக்குத் திரும்பி நடந்தான். ஆறுக்குட்டி தன் வண்டிக்குப் போனான், சீட்டுக்கு அடியிலிருந்து இரும்புக் குழாயை எடுத்தான், திரும்பி வந்தான். ஒரே அடி. டெனின் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. வீட்டில் அவனுக்கு இரண்டு பிள்ளைகள். இன்றைக்கும் மார்க்கெட்டில் டெனினின் மனைவி எதிரே வந்தால் ஜானகிதான் ஒதுங்கி நிற்பாள்.

தற்காப்புக்காக அடித்தான் என்று வழக்கு நடத்தினார்கள். வக்கீல் ராஜப்ரியா ஆனமட்டும் வாதாடினாள். தீர்ப்பு வந்த அன்று கோர்ட்டு வாசலில் நின்று ஜானகிக்கு அதைப் புரியவைத்ததும் அவள்தான்.

"அவன் அடிக்கறப்போ இவர் தடுத்திருந்தாலோ, அந்த நிமிஷத்துல திருப்பி அடிச்சிருந்தாலோ சட்டம் இவர் பக்கம் இருந்திருக்கும்க்கா. தேவையான அளவுக்கு அடிச்சுக்கலாம்னு சட்டமே சொல்லுது. ஆனா அவன் திரும்பிப் போய்ட்டான். ஆபத்து முடிஞ்சுபோச்சு. அப்புறம் இவர் நடந்து போயிருக்கார், எடுத்திருக்கார், நடந்து வந்திருக்கார். போலீசுக்குப் போறதுக்கு நேரம் இருந்துச்சுன்னா, அதுக்குப் பேர் தற்காப்பு இல்லக்கா."

"எத்தனை அடி நடந்தானாம்?"

"போலீஸ் அளந்த வரைபடத்துல பதினாலு அடி தூரம்."

கொலை இல்லை, மரணம் விளைவித்த குற்றம் என்று ஏழு வருடம். சாட்சிகளிடம் எல்லாவற்றையும் கேட்டார்கள். அந்த இரும்புக் குழாய் எங்கிருந்து வந்தது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. வீட்டில் தண்ணீர்க் குழாய் மாற்றியபோது மிச்சமான ஒன்றரை அடித் துண்டு அது. "ராத்திரியெல்லாம் காட்டு ரோட்ல ஓட்டற, ஒரு சேப்டிக்கு வெச்சுக்க சாமி" என்று அவன் கையில் கொடுத்தது ஜானகி. ஊரார் பிள்ளைகளிடமிருந்து ஒரு தீக்குச்சியைக்கூட உள்ளே விடாதவள், தன் தம்பிக்கு மட்டும் கொடுத்து அனுப்பினாள்.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பலகையில் மூன்றாவது வரியை எழுதச் சொன்னாள், அவ்வளவுதான். தன் சரிவில் வைத்து இன்னொருவன் அந்தப் பதினான்கு அடியை நடந்துவிடக் கூடாது.

இந்த வருட மே மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏழாம் நம்பர் டோக்கனோடு ஒருவன் படியேறி வந்தான்.

பெயர் யுவன். திருப்பூர். காலையில் சிரித்துக்கொண்டே கிரிக்கெட் மட்டையை ஒப்படைத்தவன்தான். அவனுடைய கார் உள் வரிசையில் நின்றது. அதற்குப் பின்னால், கேட்டை அடைத்த மாதிரி, பொள்ளாச்சியிலிருந்து வந்த ரமணன் என்பவருடைய கார். மூன்று மணிக்குத் திரும்பிவிடுவதாகச் சொல்லிப் போன ரமணன் நாலே முக்காலுக்கு வந்தார், இரண்டு கையிலும் ஊட்டி கேரட் பையோடு. அதுவரை யுவன் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தான்.

"கார் வாங்கற அளவுக்கு வளந்தாப் போதுமா? பொறுமையும் கூடவே வளரணுமில்ல" என்றார் ரமணன், பக்கத்தில் நின்ற யுவனின் மனைவி காதிலும் விழும்படி. யுவன் கேரட் பையைத் தட்டிவிட்டான். ரமணன் ஓர் அறை கொடுத்தார். சரிவில் கேரட்டுகள் உருண்டு ரோடு வரை போயின. யுவன் தன் கார் கதவைத் திறந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டான். கை வெறுமையாக வந்தது. பிறகுதான் அவனுக்கு டோக்கன் ஞாபகம் வந்தது.

இருபத்திரண்டாவது படியில் அவனுக்கு மூச்சு வாங்கியது. திருப்பூர் நுரையீரலுக்குக் குன்னூர் காற்று அப்படித்தான்.

"ஏழு... ஏழாம் நம்பர்... எடுங்க."

"தண்ணி குடிக்கறீங்களா தம்பி?"

"மட்டையை எடுங்கன்னு சொல்றேன்."

"வண்டி கேட்டைத் தாண்டி வெளிய நிக்கணும். அப்பத்தான் பொருள் தருவோம். நோட்டுல முதல் பக்கத்துலயே எழுதியிருக்குது பாருங்க."

"அவன்தான் முதல்ல அடிச்சான். என்ற தற்காப்புக்குத்தான் கேக்கறேன். எனக்கு உரிமை இருக்குது."

"இருக்குதுங்க. அவரு அடிச்சப்பவே கையைப் பிடிச்சிருந்தா அது தற்காப்பு. இருபத்திரண்டு படி ஏறி வந்து, கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு, இருபத்திரண்டு படி இறங்கிப் போய் அடிச்சா அதுக்குப் பேரு வேறங்க. ஏழு வருசம்."

"உங்களுக்கென்ன தெரியும்?"

"இது மட்டுந்தானுங்க எனக்குத் தெரியும்" என்றாள் ஜானகி.

நல்லசிவம் பேப்பரை மடித்து வைத்தார். "வண்டியை வெளிய எடுங்க தம்பி. எடுத்தாச்சுன்னா இவளே கொண்டுவந்து குடுத்துருவா. பேக்டரிக்காரி, ரூல் மாற மாட்டா."

"அந்தாளு வண்டி பின்னால நிக்குதே. எப்படி எடுக்கறது?"

"அதை அவருகிட்டத்தான் கேக்கோணும்" என்றார் நல்லசிவம்.

யுவன் அவரைப் பார்த்தான், ஜானகியைப் பார்த்தான், கையிலிருந்த டோக்கனைப் பார்த்தான். ஒருவனை அடிப்பதற்கு மட்டை வேண்டும். மட்டை வேண்டுமென்றால் முதலில் அவனிடமே போய் வழி கேட்க வேண்டும். அவன் படியிறங்கினான். இறங்கும்போது ஏறிய வேகம் இல்லை.

மேலிருந்து ஜானகிக்கு எல்லாம் தெரிந்தது. ரமணன் கேரட் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"வண்டியை எடுங்க."

"கேக்கற விதத்துல கேட்டா எடுப்பேன்."

யுவன் மலைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் மனைவி ஏதோ சொன்னாள். "எடுங்க... ங்க" என்றான் கடைசியில், பல்லைக் கடித்துக்கொண்டு.

ரமணன் ஏறி உட்கார்ந்தார். ஆனால் அது சரிவு. அங்கே நிற்கிற எல்லா வண்டிக்கும் பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு கல் வைத்திருப்பார்கள். வண்டியை இம்மி முன்னால் நகர்த்தினால்தான் கல் விடுபடும். அதை எடுக்க வெளியே ஓர் ஆள் வேண்டும். அங்கே நின்றது யுவனும் அவன் மனைவியும்தான். யுவன் காருக்குப் பின்னால் போய்க் குனிந்தான். பொள்ளாச்சித் தேங்காய் அளவுக்கு ஒரு கருங்கல்லோடு நிமிர்ந்தான்.

ஜானகி அந்தக் கல்லைப் பார்த்தாள். மட்டையை வாங்கினாள், கம்பியை வாங்கினாள், உலக்கையை வாங்கினாள். பன்னிரண்டு வண்டிக்கும் பன்னிரண்டு கல்லை அவளே பொறுக்கிக்கொண்டுவந்து போட்டிருந்தாள். அதை ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படிகளில் இறங்கினாள். அறுபத்தோரு வயதில் அவ்வளவு வேகமாக அவள் இறங்கியதை நல்லசிவம் பார்த்ததில்லை. "ஏய், மெதுவாப் போ" என்ற குரல் பின்னாலேயே வந்தது.

பாதிப் படியில்தான் இன்னொன்றும் அவள் கண்ணில் பட்டது. காருக்கு நேர் பின்னால் நிற்கிறான் யுவன். அவன் கையில் கல். ரமணனின் காலடியில் பிரேக். கோபம் இரண்டு பேருக்கும் இன்னும் ஆறவில்லை. காலை எடுத்தால் போதும், கையை ஓங்கினால் போதும்.

ரமணன் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"தம்பி, கையை எடுத்துட்டீங்களா? பின்னால நிக்காதீங்க. ஓரமா வந்துட்டுச் சொல்லுங்க."

யுவன் ஒரு கணம் அவரையே பார்த்தான். பிறகு கல்லோடு ஓரமாக வந்தான்.

"வந்துட்டனுங்க. வரட்டும்... வரட்டும்... லெப்ட்ல ஒடிங்க. இன்னும்... நிறுத்துங்க, நிறுத்துங்க, பஸ்ஸு!"

கார் டிக்கியை இரண்டு தடவை தட்டினான். தட்டிய வேகத்திலேயே கல்லைச் சக்கரத்துக்கு அடியில் போட்டான். வளைவில் கோத்தகிரி பஸ் கேட்டை உரசுவதுபோலத் திரும்பிப் போனது. மூன்று கேரட் அதன் சக்கரத்தில் போயிற்று.

"போச்சு கேரட்டு" என்றார் ரமணன்.

"டிக்கி தப்புச்சேன்னு பாருங்க" என்றான் யுவன்.

சிரிக்கவில்லை இருவரும். ஆனால் யுவன் திரும்பவும் கல்லை எடுத்து, ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்து, அவர் வண்டியை முழுசாக வெளியே வரவைத்தான். ரமணன் அறைந்ததற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. போகிறபோது ஒரு கேரட் கட்டை மட்டும் யுவனின் மனைவியிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

யுவனின் கார் கேட்டைத் தாண்டியதும், ரூல்படி, ஜானகி மட்டையோடு போனாள்.

"இங்கயே இருக்கட்டுங்க, வேண்டாம்" என்றான் அவன்.

"அப்படி ஆளாளுக்கு விட்டுட்டுப் போனா எனக்கு இடம் அடைக்குமில்ல. எடுத்துட்டுப் போயி அதுல கிரிக்கெட் ஆடுங்க. இங்க ஒரு கையெழுத்து."

மறுநாள் திங்கட்கிழமை. மாதம் ஒரு தடவை கோயம்புத்தூர் ஜெயிலுக்கு மனுப் போட்டுத் தம்பியைப் பார்க்கிற நாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று ஆறுக்குட்டி கதையைக் கேட்டான். உலக்கைக்குச் சிரித்தவன் பஸ் ஏறிய கேரட்டுக்கும் சிரித்தான். கல்லுக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டான்.

"அப்ப கல்லுக்கும் டோக்கன் போட்ர வேண்டியதுதானேக்கா."

"மலையே கல்லாக் கிடக்குது. எதுக்குன்னு போடறது?" என்றாள் ஜானகி. பிறகு, இத்தனை வருடம் சொல்லாததை, பஸ் நேரம் சொல்கிற மாதிரிச் சொன்னாள். "அந்தக் குழாயை உனக்கு நான்தான குடுத்தேன்."

ஆறுக்குட்டி வலையில் விரலை வைத்தான்.

"குடுத்தது நீ. சீட்டுக்கு அடியில ரெண்டு வருசம் சும்மாத்தான் கிடந்துச்சு. பதினாலு அடி நடந்தது நான். அதையும் நீ எடுத்துக்காத, அது என்னுது."

பக்கத்தில் யாரோ குழந்தையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நேரம் முடிந்தது என்று காவலர் கையைத் தட்டினார்.

"வெளிய வந்தா உங்க கார் ஸ்டாண்டுல எனக்கொரு வேலை குடுக்கா" என்றான் ஆறுக்குட்டி.

"என்ன வேலை பாப்ப?"

"கல்லு எடுத்துக் குடுக்கற வேலை."

ஜானகி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"குனியறதுக்கு முன்னால டிரைவர்கிட்டச் சொல்லிட்டுக் குனியோணும்" என்றாள். "முதல் நாளே சொல்லிட்டேன்."