படம் வேண்டும், பாடம் வேண்டாம்

மார்லீன் ஹூடக் பல்கலைக்கழகத்தில் சேரும்போது அவளுக்கு வயது நாற்பத்தொன்று. அதற்கு முன்னால் பதினாறு வருடம் ஒஹாயோவில் அந்தப் பல்கலைக்கழகம் இருந்த அதே ஊரின் முதியோர் இல்லத்தில் உதவியாளராக இருந்தாள். நோயாளிகளைப் புரட்டிப் படுக்க வைத்தாள், குளிப்பாட்டினாள், கஞ்சி ஊட்டினாள். தன்னைவிடக் குறைவாகத் தெரிந்த நர்சுகளிடம் திட்டு வாங்கி அலுத்துப்போய்த்தான், அந்த வேலையை விடாமலே, நர்சிங் பட்டத்துக்கு மனுப் போட்டாள்.

கலைப் பாடம் ஒன்று எடுத்தே ஆகவேண்டும் என்றார்கள். வேலை நேரத்துக்கு ஒத்துவந்தது ஒன்றே ஒன்றுதான்: ஐரோப்பாவின் இடைக்கால மருத்துவமனைகள். எரிச்சலோடு போய் உட்கார்ந்தாள். முதல் வாரமே பேராசிரியை ரூத் ஆல்ட்மன் ஒரு பழைய ஓவியத்தைத் திரையில் போட்டார். ஒரு கன்னியாஸ்திரி, கட்டிலில் கிடப்பவனின் பிடரிக்குக் கீழே கை கொடுத்துத் தலையைத் தூக்கி, கரண்டியால் ஊட்டுகிறாள். மார்லீன் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். பதினாறு வருடமாக அவள் பிடித்த பிடி அது. வரைந்தவன் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான்.

அந்தப் பருவம் முடிவதற்குள் இடைக்கால, மறுமலர்ச்சிக் காலப் பண்பாட்டைத் துணைப்பாடமாகப் பதிவு செய்துவிட்டாள். மொத்தம் ஐந்து வகுப்புகள்.

லாரி மெக்கானிக்கான அவள் தம்பி டுவேனுக்கு இது நல்ல வேடிக்கையாகப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் கோஸ் இலையில் சுருட்டிய கறியை வாயில் போட்டுக்கொண்டே கேட்டான்:

"ராஜா ராணி கதையப் படிச்சிட்டு யாருக்கு ஊசி போடப் போற, மார்லீன்?"

"ராஜா ராணி இல்லடா. பெட்பேன் கழுவினவங்க கதை. உனக்கு ஊசி போடும்போது மட்டும் மொட்டை ஊசியா எடுத்துட்டு வரேன்."

நான்காவது வகுப்பு பழைய கையெழுத்தைப் படிக்கப் பழகுவது. நூலகத்தில் அறுநூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத் தோல் ஏடு ஒன்று இருந்தது. 'சமையல் குறிப்பு' என்று உறையில் எழுதி வைத்திருந்தார்கள். முட்டையின் வெள்ளைக்கரு, தேன், ரோஜா எண்ணெய் என்று வந்ததால் யாரோ அப்படி முடிவு கட்டியிருக்கிறார்கள். மார்லீன் ஒரு மாதம் எழுத்துக் கூட்டிப் படித்தாள். கடைசி இரண்டு வரிக்கு வந்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். நெடுநாள் கிடப்பவனின் இடுப்பில் தடவி, துணி போட்டு, மறுபக்கம் புரட்டிப் படுக்க வை என்று எழுதியிருந்தது.

"இது சமையல் இல்ல டாக்டர் ஆல்ட்மன். படுக்கைப் புண்ணுக்கு மருந்து!"

ஆல்ட்மன் மூன்று முறை படித்துப் பார்த்தார். உறையில் இருந்த பெயரை நூலகம் மாற்றியது.

மார்ச் மாதம் கடிதம் வந்தது. மாணவர் எண்ணிக்கை போதாததால் அந்தத் துணைப்பாடம் நிறுத்தப்படுகிறது. அவளுக்கு ஒரே ஒரு வகுப்புதான் பாக்கி. அதே வாரம் பல்கலைக்கழகத்தின் இதழும் வந்தது. நடுவில் இரண்டு பக்கத்துக்கு மார்லீன், கையில் அந்த ஏடு. 'எங்கள் மாணவர்கள் எதையும் கண்டுபிடிப்பார்கள்' என்று கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அவளுக்குக் காது சுட்டது. இரண்டையும் எடுத்துக்கொண்டு நேராக டீன் கேரி ஸ்டாண்டிஷ் அறைக்குப் போனாள்.

"வாங்க மார்லீன், உட்காருங்க. உங்களப் பத்திதான் எல்லாரும் பேசறாங்க."

"நான் நிக்கிறேன். இந்தக் கடிதம் என்ன?"

"ஏழு பேர்தான் படிக்கிறீங்க. எப்படி நடத்தறது? உங்களுக்கு நர்சிங் பட்டம் எப்படியும் வந்துடும். இது சும்மா ஒரு அலங்காரம்தானே?"

மார்லீன் இதழை அவர் மேசையில் விரித்து வைத்தாள்.

"அலங்காரத்துக்கு எதுக்கு ரெண்டு பக்கம்? என் படம் வேணும், என் பாடம் வேண்டாமா?"

"அது விளம்பரப் பிரிவு செஞ்ச வேலை. எனக்கும் அதுக்கும்..."

"சரி, இது யார் செஞ்ச வேலை?" அவள் சேர்ந்த வருடத்து விதிப்புத்தகத்தை எடுத்தாள். "சேர்ந்தப்போ இருந்த பாடத்த ஆறு வருஷத்துக்குள்ள முடிச்சுக்க மாணவருக்கு உரிமை உண்டுன்னு போட்டிருக்கு. நோயாளியோட சீட்டப் படிக்காம நான் மருந்து குடுத்தா என்னை வேலைய விட்டுத் துரத்துவாங்க. நீங்க உங்க புத்தகத்தையே படிக்கல."

"ஒருத்தருக்காக ஒரு வகுப்பு நடத்த முடியாது."

"ஏழு பேருக்கு நடத்துங்க."

மற்ற ஆறு பேரை அவள் அதுவரை ஒன்றாகப் பார்த்ததுகூட இல்லை. அந்த வாரமே தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கி மனுவை டீனிடம் கொடுத்தாள். பாடம் நிறுத்தப்பட்டதே இரண்டு பேருக்குத் தெரியவில்லை. மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. ஏழு பேரும் முடித்துக்கொள்ளலாம். புதிதாக யாரும் சேர முடியாது. டாக்டர் ஆல்ட்மனின் பணி டிசம்பரோடு முடிகிறது.

"நீங்க ஏன் கத்தல?" என்று அவரிடமே சீறினாள் மார்லீன்.

"பதினொரு வருஷம் கத்தினேன். கூட்டத்துக்குக் கூட்டம் குறிப்புல எழுதியும் வச்சாங்க," என்றார் ஆல்ட்மன். "உன் கத்தல் அவங்க விதியில மாட்டிக்கிச்சு. அவ்வளவுதான்."

செப்டம்பரில் பல்கலைக்கழக நிர்வாகக் குழுக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச மூன்று நிமிடம் கொடுத்தார்கள். மார்லீன் வேலை உடையோடு போனாள். டுவேன் தானாகவே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். ஏட்டைப் பற்றி, உறையில் இருந்த தப்பைப் பற்றி, இனி அதைப் படிக்கச் சொல்லிக்கொடுக்க ஊரில் யாரும் இருக்கமாட்டார்கள் என்பதைப் பற்றிச் சொன்னாள். பாதியில் மணி அடித்தது. தலைவர் நன்றி சொல்லிவிட்டு அடுத்ததை எடுத்தார்: வண்டி நிறுத்துமிடத்துக்குப் புதுத் தார்.

"அவ இன்னும் முடிக்கல!" என்று டுவேன் எழுந்து நின்றான். "தாரு எங்க ஓடிப் போயிடும்?"

சிலர் சிரித்தார்கள். காவலாளி டுவேனைப் பார்த்தான். மார்லீன் ஒலிவாங்கியை விட்டு நகராமல் மீதியையும் சொல்லி முடித்தாள். யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

துணைப்பாடம் திரும்ப வரவில்லை. டிசம்பரில் கிடைத்த மதிப்பெண் சான்றிதழில் நர்சிங்குக்குக் கீழே அது ஒரு வரியாக இருந்தது. பெரிய மருத்துவமனையில் வேலைக்கான நேர்காணலில் அந்த வரியில் விரல் வைத்து, இதற்கும் நர்சிங்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்கள். மார்லீன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, இந்த முறை யாரும் மணி அடிக்க முடியாதபடி, சொல்ல ஆரம்பித்தாள்.