மேகாத்துக்கு எதிரே மூன்று ஃபேன்

குத்துக்கல்வலசையில் தளவாய் வீட்டுக்கு வழி கேட்டால், "பேச்சுச் சத்தம் கேக்கும், அங்கன போங்க" என்பார்கள். ஆள் அப்படி. தொழில் கல்யாண வீடியோ. இருபது வருஷமாகத் தென்காசி, செங்கோட்டை வட்டாரத்தில் தாலி கட்டும் நேரம் பார்த்து முன்வரிசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற மனிதர் அவர்தான். கெட்டிமேளத்தை மீறி "பொண்ணு, கொஞ்சம் சிரிம்மா" என்று கத்திக் கத்தித் தொண்டை அந்த அளவிலேயே நின்றுவிட்டது. வீட்டில் உப்பு கேட்டாலும் தெருவுக்குத் தெரியும்.

மனைவி இசக்கிசெல்வியின் குரல் இதற்கு நேர்மாறு. மெதுவாக, தெளிவாக, கேட்கிறவர் தலையை நிமிர்த்திப் பார்க்கும்படி இருக்கும். அந்தக் குரலைத் தளவாய் பதினெட்டு வருஷமாகத் தன் வீடியோக்களின் தொடக்கத்தில் "இரு மனம் இணையும் திருநாள்" என்று வாசிக்கவைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். அது யார் குரல் என்று ஒரு சம்பந்தி வீட்டாரும் கேட்டதில்லை. இந்த வருஷம்தான் சென்னையில் ஒலிப்புத்தகம் போடுகிற கம்பெனி ஒன்று கேட்டது. ஒரு நாவல் முழுவதையும் அவள் வாசிக்க வேண்டும், அட்டையில் அவள் பெயர் வரும். பத்து நிமிஷம் மாதிரி வாசித்து அனுப்பினாள். குரல் பிரமாதம், ஆனால் பின்னால் ஏதோ உறுமுகிறது, சரிசெய்து மறுபடி அனுப்புங்கள் என்று பதில் வந்தது.

உறுமியது தளவாயின் கம்ப்யூட்டர். அது ஹாலில் இருந்தது, அவள் வாசித்தது உள்ளறையில். கதவைச் சாத்தினாலும் அடியிலே இரண்டு விரல் இடைவெளி. எடிட் செய்த கல்யாணத்தை முழுப் படமாக எக்ஸ்போர்ட் போட்டால் ஐந்து மணி நேரம் ஓடும், ஓடுகிற நேரமெல்லாம் உறுமும்.

"ஒரு மணி நேரம் அத ஆஃப் பண்ணி வைங்களேன்" என்றாள் அவள்.

"ஆஃப் பண்ணவா? பாதியில நிறுத்துனா மறுபடி முதல்ல இருந்து போடணும்ட்டி. நீ பேசாம இரு. சத்தமே இல்லாத மிஷினா மாத்திக் காட்டுதேன்."

பேசாமல் இரு என்று சொன்னது யார் என்பதை மட்டும் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பத்து நாள் தென்காசியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஹுஸைஃபாவுக்குச் சோதனைக் காலம். கம்ப்யூட்டருக்குள் எழும் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு குழாய் வழியாக ரேடியேட்டருக்குப் போகும், அங்கே மூன்று ஃபேன் ஊதி ஆற்றிவிடும், பெரிய ஃபேனாக இருந்தால் மெதுவாகச் சுற்றினாலே போதும், சத்தம் இருக்காது என்று அவன் ஒரு தடவைதான் சொன்னான். அதைத் தளவாய் அவனுக்கே பத்துத் தடவை திருப்பிச் சொன்னார். கடையில் இருந்த ஃபேன் ஒவ்வொன்றையும் ஓடவிட்டு, காதருகே பிடித்து, நாதஸ்வரத்துக்குச் சுருதி பார்க்கிற மாதிரி கண்ணை மூடிக் கேட்டார். கேட்டுக்கொண்டே பேசவும் செய்தார்.

"அண்ணாச்சி, நீங்க பேசுறத நிறுத்துனாத்தான் ஃபேனு சத்தம் தெரியும்" என்றான் ஹுஸைஃபா.

கடைசியில் ரேடியேட்டரின் நெருக்கமான இடுக்குகளுக்குள் அழுத்தி ஊதக்கூடிய ஃபேனாக மூன்று எடுத்தார். சுற்றும்போது நீல லைட் எரியும். லைட் எதற்கு, தேரா வருது என்று இசக்கிசெல்வி கேட்டாள். கஸ்டமர் வந்தால் ஒரு கெத்து வேண்டாமா என்றார். கம்ப்யூட்டர் பெட்டியை ஹாலின் மேற்கு ஜன்னலை ஒட்டி, ரேடியேட்டர் பக்கம் ஜன்னலைப் பார்க்க வைத்தார். சூடான காற்றை ஃபேன்கள் நேரே வெளியே தள்ளிவிடுமாம். சித்திரையில் ஓர் இலை அசையவில்லை, பெட்டியிலும் மூச்சு இல்லை. பார்க்க வந்தவர்களையெல்லாம் உட்காரவைத்து, சத்தம் இல்லாததைக் கேட்கச் சொன்னார்.

வைகாசி பாதியில் மேற்கு மலையிலிருந்து மேகாத்து இறங்கியது. அதற்கப்புறம் ஃபேன் மூன்றும் போட்ட கூச்சல் பழைய உறுமலையே தேவலை என்று ஆக்கிவிட்டது. தளவாய் திருகாணியைக் கழற்றினார், மாட்டினார், தூசி தட்டினார், ஃபேன் செய்தவனைத் திட்டினார். தோற்றுப்போய் ஹுஸைஃபாவைக் கூப்பிட்டார். அவன் உள்ளே வந்து ஜன்னலருகே ஒரு நிமிஷம் நின்றான். அவன் சட்டை படபடத்தது.

"அண்ணாச்சி, நீங்க எந்த ஊரு?"

"ஏலே, என்ன கேள்வி இது?"

"மேகாத்து உள்ள வருது. நீங்க மூணு ஃபேன வச்சு அத வெளிய தள்ளுதீய. எப்படிப் போவும்? முக்கிக்கிட்டுல்லா கிடக்கு."

தளவாய்க்கு முகம் தொங்கிவிட்டது. தென்காசிப் பெரிய கோவில் வாசலில் காற்று தள்ளி, வெளியூர்க்காரர்கள் வேட்டியைப் பிடித்துக்கொண்டு தடுமாறும்போது முதலில் சிரிக்கிற ஆள் அவர். அந்தக் காற்றை மறந்தா பெட்டி வைத்தார்! இருவரும் ஃபேன் மூன்றையும் கழற்றித் திருப்பி மாட்டினார்கள். காற்றும் ஃபேனும் ஒரே பக்கம் போயின. சாரல் தெறிக்காதபடி மேசையை நான்கடி உள்ளே இழுத்துப் போட்டார்கள். சத்தம் அப்படியே அடங்கியது.

மறுநாளே இசக்கிசெல்வி வாசித்து அனுப்பினாள். இரண்டு நாள் கழித்துக் காலையில் பதில் வந்தது. இயந்திரச் சத்தம் துளியும் இல்லை, ஆனால் ஏழாவது நிமிஷத்தில் ஓர் ஆண் குரல் பேசுகிறது. இன்று மாலை ஐந்து மணிக்குள் சுத்தமான பதிவு வராவிட்டால் வேறொருவரை வைத்துக்கொள்கிறோம்.

அவள் பதிவைப் போட்டுக் காட்டினாள். தளவாயின் குரல்தான். "ஏலே ஹுஸைஃபா, போன காதுல நல்லா வச்சுக் கேளு. ஏதாவது கேக்கா? கேக்கல்லல்லா? அதாம்லே!"

அவள் திட்டவில்லை. கண் மட்டும் கலங்கியது. மூன்று மணிக்கு அவள் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். திரையில் கீழப்பாவூர் கல்யாணம் எழுபத்தொரு சதவீதத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பெண்ணின் அப்பா காலையிலிருந்து நான்கு தடவை போன் பண்ணிவிட்டார். ஃபேன்கள் சத்தமில்லாமல் நீலமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. தளவாய் அவற்றைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பிறகு குனிந்து கம்ப்யூட்டரை அணைத்து, செல்போனையும் அணைத்துவிட்டு, வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

தெருவில் போன ஒருவர், "என்ன அண்ணாச்சி, குத்தாலத்துல தண்ணி விழுதா?" என்று கேட்டார். மற்ற நாளாக இருந்தால் மெயினருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று தனித்தனியாக நிலவரம் சொல்லியிருப்பார். இன்றைக்குக் கையை மட்டும் தூக்கிக் காட்டினார். வீட்டில் பெரிய சண்டை போலிருக்கிறது என்று கேட்டவர் தெருமுக்கு வரைக்கும் சொல்லிக்கொண்டே போனார். தளவாயின் தலையில் சாரல் விழுந்தது. தும்மல்கூட வந்தது, மூக்கைப் பிடித்து விழுங்கினார்.

நாலரைக்கு இசக்கிசெல்வி அனுப்பினாள். ஐந்தே காலுக்கு நாவல் அவளுக்குத்தான் என்று பதில் வந்தது. காப்பி போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"உங்க ஃபேனு கெட்டிக்கார ஃபேனுதான். ஒரு சத்தம் இல்ல."

இரண்டரை மணி நேரத்துப் பேச்சு உள்ளே முட்டிக்கொண்டு நின்றதல்லவா, திறந்துவிட்டார். ரேடியேட்டர் இடுக்கு, ஃபேனின் அகலம், மேகாத்தின் திசை, அதைத் தானே கண்டுபிடித்தது, எல்லாம் வந்தது. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டே அவள் தன் காப்பியைக் குடித்து முடித்தாள்.

"சரி, கீழப்பாவூர் கல்யாணத்த மறுபடி முதல்ல இருந்து எப்பப் போடப் போறீய?"

தளவாய் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, திரும்பி உள்ளறைக் கதவைப் பார்த்தார்.

"வாசிக்க ஆரம்பிக்கயில கதவுக்கு அடியில நீல லைட்டு அணைஞ்சுது" என்றாள் அவள். "அதையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன். முதல் வரியவே ரெண்டு தடவ வாசிக்க வேண்டியதாப் போச்சு."